தரை தொடாத ஒரு மணி நேரம்

ஞாயிறு பத்து மணிக்கு
எங்கள் மோட்டாருக்குத் தரை கிடையாது.

மற்ற நாளெல்லாம்
பகலில் என்னை ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகும்.
நான் இறங்கிய சூடு இருக்கையில் ஆறுமுன்
சீலனை ஏற்றிக்கொண்டு
பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு ஓடும்.
எங்கள் இருவருக்கும் ஷிப்ட் உண்டு.
அதற்கு இல்லை.

பிறை அடுக்குமாடி, கீழ்த்தளம்,
தண்ணீர் மீட்டர்களை ஒட்டி
சரிவில்லாத ஓரிடம்.
கோலிக்குண்டு வைத்துப் பார்த்தேன்,
உருளவில்லை.

போன தீபாவளிக்கு முந்தின வாரம்
செங்கல் மேல் ஏற்றினான்.
இரண்டு போதும் என்றான்.
போதவில்லை.
கண்ணாடி போனது, பிரேக் பிடி வளைந்தது,
என் கட்டைவிரலுக்கும் சைலன்சருக்கும் நடுவே
ஒரு செருப்பின் அகலம்தான் மிச்சம்.
அன்று நான் பேசியது
மூன்றாம் மாடிவரை கேட்டதாம்.

அதிலிருந்து சட்டம் என்னுடையது.

செங்கல் வீட்டுக்குள் வரக்கூடாது.
நடு ஸ்டாண்டுக்கு அடியில் அகலப் பலகை.
ஸ்டாண்டின் இரண்டு காலும் பலகையைத் தொட்டதா,
குனிந்து பார்.
முதுகால் தூக்காதே.
உன் எடையெல்லாம் பாதத்தில் இறக்கு,
வண்டி தானே பின்வாங்கி ஏறும்.
முன் பிரேக்கை இழுத்துப் பிடித்து
பழைய டியூபில் வெட்டிய ரப்பரால் கட்டு.
சாவி என் சட்டைப் பையில்.

சாவிக்குக் காரணம் உண்டு.
துறைமுகத்தில் கருணாமூர்த்தி என்றொருவன்
இஞ்சினை ஓடவிட்டுச் சங்கிலி துடைத்தான்.
இப்போது விரல் விட்டு எண்ணினால்
ஒன்பதரைதான் வருகிறது.

நான் கையால் சுற்றுகிறேன்.
ஒரு பல், ஒரு சொட்டு எண்ணெய்,
அடுத்த பல்.

முன்சக்கரத்துக்கு
ஆ ஹொக்கின் கார் ஜாக்கை இரவல் வாங்கினோம்.
எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் படாமல்,
சைலன்சர் குழாயில் படாமல்,
இஞ்சினுக்கும் ஜாக்குக்கும் நடுவே ஒரு மரத்துண்டு.
மடங்கிவிடாதபடி ஸ்டாண்டை
முன்பக்கச் சட்டத்தோடு கயிற்றால் கட்டியாயிற்று.
எவ்வளவு உயரம் என்றான்.
ஒரு ரொட்டி சானாய் நுழையட்டும், போதும்.

நுழைந்தது.
இரண்டு சக்கரமும் காற்றில்.

ரப்பரை அவிழ்த்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு
முன்சக்கரத்தை இரு கையாலும் பிடித்து
இடமும் வலமும் ஆட்டினேன்.
டொக்.
மறுபடி ஆட்டினேன். டொக்.
பேரிங் என்றேன்.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

பதில் இல்லை.
ஹேண்டிலைப் பிடித்தபடியே தூங்குகிறான்,
இரவெல்லாம் கன்டெய்னர் எண்ணியவன்.
தூங்குகிறவன் கையில் வண்டியைத் தராதே.
இது புதுச் சட்டம், அந்த நிமிடம் எழுதியது.
தட்டி எழுப்பிச் சுவரோரம் உட்கார வைத்தேன்.
ஆறு நாளில் அவனை நான் பார்ப்பதே
ஹெல்மட் கை மாறும் நேரத்தில்தான்.
முகவாயில் ஒரு நரைமுடி.
எப்போது வந்தது?

முன்சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினேன்.
கம்பிகள் கலங்கி மறைந்தன.
விளிம்பில் மட்டும் வெயில்
பிறையாய் நின்றது.
சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது,
அது நின்ற இடத்திலேயே நின்றது.
இந்த ஊரில் பதினோரு வருடம்.
பெயரை இன்றுதான் பார்க்கிறேன்.

வேகம் குறைந்து
வால்வு மூடி ஒருமுறை மேலே ஏறப் பார்த்து
முடியாமல் திரும்பி
அடியில் வந்து நின்றது.

இறக்குவது ஏற்றுவதைவிட மெதுவாக.
அவனைக் கூப்பிடாமல் இறக்கியிருக்கலாம்.
கூப்பிட்டேன்.
கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து
ஹேண்டிலை இரு கையாலும் பிடித்தான்.
நான் ஜாக்கைக் கால் கால் சுற்றாகத் தளர்த்தினேன்.
டயர் தரையைத் தொட்டு
கொஞ்சம் அமுங்கியது,
வேலைக்குத் திரும்பியவன் தோள் போல.

திங்கள் காலை
சூப்பர்வைசர் என் மணிக்கட்டைக் காட்டி
இது என்ன என்று கேட்டாள்.
கறுப்பு ரப்பர். கழற்ற மறந்திருக்கிறேன்.
பிரேக், என்றேன்.